வெள்ளைப் பாறையின் மேல் இரண்டு நாள்: ரிட்ஜ்வேயில் மவுண்டன் பைக்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக். பைக் பார்க்கில் ஏறுவதும் குதிப்பதும் அலுத்துவிட்டது. இரண்டு நாளில் முடிகிற மாதிரி, கிராமப்புறமாக, வழியில் பழங்காலச் சின்னங்களைப் பார்த்துக்கொண்டே போகிற பாதை வேண்டும். தெற்கு இங்கிலாந்தின் ரிட்ஜ்வே சரிப்படுமா, அல்லது மவுண்டன் பைக்குக்கு அது ரொம்பச் சாதுவான பாதையா?"

சரிப்படும். சாதுவா என்றால், வரைபடத்தில் பார்க்கும்போது சாது. உயரமான இடமே 277 மீட்டர்தான். வேர்களும் பாறைப் படிகளும் செங்குத்துச் சரிவுகளும் கிடையாது. ஆனால் முதல் நாள் மாலை உங்கள் மணிக்கட்டும் இடுப்பும் வேறு கதை சொல்லும். நான் அந்தப் பாதையில் நாலைந்து முறை போயிருக்கிறேன். முதல் தடவை பிப்ரவரியில் போனேன். அது முட்டாள்தனம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ரிட்ஜ்வே என்று 1973இல் திறக்கப்பட்ட தேசிய நடைபாதை 139 கி.மீ. நீளம். வில்ட்ஷயரில் ஏவ்பரி பக்கத்து ஓவர்டன் ஹில்லில் தொடங்கி, பக்கிங்காம்ஷயரில் ஐவிங்கோ பீக்கன் குன்றில் முடிகிறது. அதன் முழு நீளத்துக்கும் சைக்கிளில் போக உரிமை இல்லை. தேம்ஸ் நதிக்கு மேற்கே உள்ள பாதி, அதாவது ஓவர்டன் ஹில்லிலிருந்து ஸ்ட்ரீட்லி வரையிலான சுமார் 69 கி.மீ., சைக்கிளுக்குத் திறந்தது. நதியைத் தாண்டியதும் பெரும்பகுதி நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. கிழக்குப் பாதியையும் சைக்கிளில் சேர்த்துத் திட்டம் போட்டுவிட்டு, அங்கே போய் வாயிற்கதவு வாயிற்கதவாக வண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டியது மேற்குப் பாதிதான். நல்லவேளையாக, சின்னங்களில் முக்கியமானவை எல்லாம் இந்தப் பாதியிலேயே இருக்கின்றன.

இங்கிலாந்தில் சைக்கிளில் எங்கே போகலாம் என்பதைக் கம்பத்திலுள்ள அம்புக்குறியின் நிறமே சொல்லிவிடும். மஞ்சள் அம்பு நடைபாதை. அதில் சைக்கிளுக்கு உரிமை இல்லை. நீல அம்பு குதிரைப் பாதை. 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம் சைக்கிள்காரர்களுக்கும் அதில் போக உரிமை கொடுத்தது. கூடவே நடப்பவர்களுக்கும் குதிரை ஓட்டிகளுக்கும் வழிவிட வேண்டும் என்ற கடமையையும் கட்டிவிட்டது. கத்தரிப்பூ நிறமும் சிவப்பும் பைவே எனப்படும் பழைய வண்டிப் பாதைகள், அவற்றிலும் போகலாம். சிவப்பு என்றால் மோட்டார் வாகனமும் வரக்கூடும், ஆனால் ரிட்ஜ்வேயில் குளிர்கால மாதங்களில் அவற்றுக்குப் பெரும்பாலும் தடை உண்டு. நிறத்தோடு ஓக் மரக் கொட்டை வடிவச் சின்னம் ஒன்றும் இருக்கும். அது தேசிய நடைபாதையின் அடையாளம் மட்டுமே, சைக்கிளுக்கு அனுமதி என்று அர்த்தமில்லை. கொட்டையைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள்.

இனி பாதையின் குணம். ரிட்ஜ்வேயைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி. அது சாக் என்கிற பாறை. கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸுக்குப் பெயர் கொடுத்த அதே மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த நுண்ணிய பாசிகளின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து உண்டானது. நீங்கள் ஓட்டப்போகும் குன்றுத்தொடர் முழுவதும் இதுதான். அங்கே பழங்காலச் சின்னங்கள் ஏன் இவ்வளவு, ஊர்கள் ஏன் மேலே இல்லை, உங்கள் டயர் ஏன் கிழிகிறது, மூன்றுக்கும் இதுவே விடை.

சாக் தண்ணீரைத் தேக்காது, உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். அதனால் சுற்றிலும் பள்ளத்தாக்குகள் சேறும் காடுமாகக் கிடந்த காலத்தில் இந்தக் குன்றுத்தொடரின் முதுகு மட்டும் உலர்ந்து, நடக்கத் தோதாக இருந்தது. உறிஞ்சப்பட்ட தண்ணீர் குன்றின் அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. ஊர்கள் எல்லாம் அந்த ஊற்று வரிசையைப் பிடித்துக்கொண்டு கீழேயே அமைந்துவிட்டன. மேலே குடியிருப்பு இல்லாததால்தான் கல்லறை மேடுகளும் மண்கோட்டைகளும் உழவுக்கும் வீட்டுமனைக்கும் தப்பி நிற்கின்றன. உங்களுக்கு அதன் விலை என்னவென்றால், மேலே கடையும் இல்லை, தண்ணீரும் அநேகமாக இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் நூறு மீட்டருக்கு மேல் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். பாதையோரத்தில் ஒன்றிரண்டு குழாய்கள் உண்டு, தேசிய நடைபாதையின் வரைபடத்தில் குறித்திருப்பார்கள். அவற்றை மட்டும் நம்பாமல், கோடையில் ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நிழலும் கிடையாது.

சாக்குக்குள் முண்டு முண்டாக உருவாகும் இன்னொரு கல் சிக்கிமுக்கிக் கல். உடைந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையான விளிம்பு வரும். கற்கால மனிதர் கத்தியும் கோடரியும் அம்புமுனையும் செய்தது இதில்தான். இன்றைக்கு அது பாதை முழுக்க உடைந்து பரவிக் கிடக்கிறது, அதன் மேல்தான் உங்கள் டயர் உருளப்போகிறது. மழை பெய்தால் இன்னும் மோசம். ஈர ரப்பரை அது வெண்ணெய் மாதிரி அறுக்கும்.

ஆகவே வண்டியைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் டயரைப் பற்றித்தான். ஹார்ட்டெயில் தாராளமாகப் போதும், பின் சஸ்பென்ஷன் இருந்தால் சொகுசு, அவ்வளவே. 2.2 அங்குல அகலத்துக்குக் குறையாத, பக்கச்சுவர் தடித்த டயர் போடுங்கள். பந்தயத்துக்கான மெல்லிய, எடை குறைந்த டயரைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் என்றால் 70 கிலோ ஆளுக்கு 22 முதல் 25 பி.எஸ்.ஐ. வரை காற்று. பையும் சாமானும் சேர்ந்தால் பின் சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூட்டுங்கள். உள்ளே ஊற்றும் சீலண்ட் சிறு துளையை அடைத்துவிடும், சிக்கிமுக்கி வெட்டை அடைக்காது. அதற்கு ரப்பர் திரி செருகும் கருவி வேண்டும். அது போதாத நீளத்துக்குக் கிழிந்தால், உள்பக்கம் முட்டுக்கொடுக்கப் பழைய டயர் துண்டு ஒன்று, அப்புறம் ஒரு டியூப். டியூபிலேயே ஓடுகிறவர்கள் ஆளுக்கு இரண்டு டியூபும் ஒட்டும் சாமானும் வைத்துக்கொள்ளுங்கள். இரவு தங்கும் இடத்தில் சக்கரத்தை மெல்லச் சுற்றி, ரப்பருக்குள் செருகியிருக்கும் கல் சில்லுகளை முனையால் தோண்டி எடுத்துவிடுங்கள். இன்று நுழைந்த சில்லு நாளைக்குத்தான் துளைக்கும். இந்தப் பத்து நிமிட வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே இரண்டு பஞ்சர் வாங்கியிருக்கிறேன்.

இனி பிப்ரவரிக் கதை. நனைந்த சாக்கின் மேல்பரப்பு பசையாகிறது. வழுக்குவதில் சோப்புக்கட்டி, ஒட்டுவதில் மைதா மாவு. அன்றைக்கு என் முன் சக்கரம், அதைத் தாங்கும் ஃபோர்க்கில் இறுகிச் சுற்றவே மறுத்தது. குச்சியால் சுரண்டுவது, நூறு மீட்டர் தள்ளுவது, மறுபடி சுரண்டுவது என்று ஒரு மதியம் போனது. போதாக்குறைக்கு அந்தக் கூழில் கலந்த பொடிக்கல் பிரேக் பேடையும் தின்றுவிட்டது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை போங்கள், முன்னதாக நாலு நாள் மழையில்லை என்றால் இன்னும் நல்லது.

ஆனால் உலர்ந்த கோடையிலும் ஒரு பொறி இருக்கிறது. குளிர்காலத்தில் டிராக்டரும் ஜீப்பும் பதித்த தடங்கள் கோடையில் அப்படியே காய்ந்து, முழங்கால் ஆழ வாய்க்கால்களாகக் கெட்டித்துப்போயிருக்கும். முன் சக்கரம் அதில் விழுந்துவிட்டால் ஹேண்டிலைத் திருப்பி வெளியேறப் பார்க்காதீர்கள். தடத்தின் சுவர் சக்கரத்தைப் பிடித்து உங்களைத் தூக்கிப் போடும். வேகத்தைக் குறைத்து, பெடல்களைச் சமமட்டத்தில் வைத்து, அந்தத் தடத்திலேயே ஓட்டி, அது ஆழம் குறைகிற இடத்தில் வெளியே வாருங்கள். அல்லது இறங்கித் தூக்கிவிடுங்கள், அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. பார்வை எப்போதும் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். பைக் பார்க்கில் பழகியவர்கள் இங்கே விழுவது வேகத்தால் அல்ல, அலட்சியத்தால். கண் காட்சிக்குப் போய்விடுகிறது.

எந்தத் திசையில் போவது? மேற்கிலிருந்து கிழக்கு. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. திறந்த முதுகில் அதை எதிர்த்து 69 கி.மீ. மிதிப்பது வீண் தவம். இரு முனைக்கும் ரயில் வசதியும் இருக்கிறது. லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்விண்டனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். முடியும் இடமான ஸ்ட்ரீட்லிக்கு எதிர்க்கரையில் கோரிங் ரயில் நிலையம். நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்கு முன்கூட்டியே இடம் பதிந்துவிடுங்கள். அலுவலக நேரத்து ரயில்களைத் தவிருங்கள்.

ஸ்விண்டனிலிருந்து நேராக ஏவ்பரிக்குத் தார்ச்சாலையில் போகலாம், ஆனால் லாரிகளோடு போக வேண்டும். நான் சொல்வது சுற்றுவழி. ஸ்விண்டனுக்குத் தெற்கே சிசல்டன் கிராமத்திலிருந்து மார்ல்பரோ வரை, மூடப்பட்ட பழைய ரயில் தடம் சைக்கிள் பாதையாகியிருக்கிறது. சுமார் 12 கி.மீ., மேடு பள்ளமே தெரியாது, உடம்பு சூடாக நல்ல வழி. மார்ல்பரோவிலிருந்து மேற்கே ஃபைஃபீல்ட் டவுன் என்ற புல்வெளிக் குன்று வழியாக ஹெரெபாத் என்ற பைவே ஏவ்பரிக்குப் போகிறது. ஹெரெபாத் என்றால் பழைய ஆங்கிலத்தில் படை நடக்கும் வழி.

ஃபைஃபீல்ட் டவுனில் அவசரப்படாதீர்கள். புல்வெளியில் நூற்றுக்கணக்கான சாம்பல் நிறப் பாறைகள் படுத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்டு மந்தை போலவே இருப்பதால் 'கிரே வெதர்ஸ்', அதாவது சாம்பல் நிற ஆட்டுக்கடாக்கள் என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்தார்கள். இவை சார்சன் எனும் மிகக் கடினமான மணற்கல். ஏவ்பரியிலும் ஸ்டோன்ஹெஞ்சிலும் நிற்கிற பெருங்கற்கள் இதே இனம். ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய சார்சன்களில் பெரும்பாலானவை மார்ல்பரோவுக்குத் தெற்கே உள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டிலிருந்து போயிருக்க வேண்டும் என்று 2020இல் வேதிப் பகுப்பாய்வால் காட்டினார்கள். பாதையிலிருந்து சற்றுத் தள்ளி, கற்கோடரியைத் தீட்டித் தீட்டிப் பள்ளம் விழுந்த சார்சன் ஒன்றும் கிடக்கிறது. விரலை அந்தப் பள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள், கண்ணாடி மாதிரி வழுவழுவென்றிருக்கும். எனக்கு ஏவ்பரியின் பெருங்கற்களைவிட இந்தத் தீட்டுகல்தான் பிடிக்கும். பெருங்கற்கள் எதற்காக நட்டார்கள் என்று இன்றும் வாதம் நடக்கிறது. இதில் சந்தேகமே இல்லை, ஒருவர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்.

ஏவ்பரிக்குப் போய்ச் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடங்கள். உலகின் மிகப்பெரிய கல்வட்டம் அது. ஒரு கிராமத்தின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. கி.மு. 2850க்கும் 2200க்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டம் கட்டமாக உருவானது. ஸ்டோன்ஹெஞ்சோடு சேர்த்து 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இன்று நிமிர்ந்து நிற்கிற கற்களில் பல, 1930களில் அலெக்சாண்டர் கெய்லர் புதைந்து கிடந்தவற்றைத் தோண்டி எடுத்து நிறுத்தியவை. பழ மார்மலேட் விற்ற அவருடைய குடும்பப் பணத்தில் நடந்த தொல்லியல். அருகிலேயே சில்பரி ஹில், வரலாற்றுக்கு முந்தைய ஐரோப்பாவின் மிகப்பெரிய செயற்கை மேடு. அதில் ஏற அனுமதியில்லை, சாலையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஏவ்பரியிலிருந்து வந்த ஹெரெபாத்திலேயே திரும்ப ஏறினால் ரிட்ஜ்வேயில் சேர்ந்துவிடலாம். அதிகாரபூர்வத் தொடக்கமான ஓவர்டன் ஹில் அங்கிருந்து தெற்கே, ஏ4 சாலையின் ஓரத்தில் இருக்கிறது. தொடக்கப் பலகையோடு படம் எடுக்காமல் தூக்கம் வராது என்றால் போய் வாருங்கள். எதிரே சாங்க்சுவரி என்ற பழைய மர, கல் வட்டம் இருந்த இடத்தைக் கான்கிரீட் கட்டைகளால் குறித்து வைத்திருக்கிறார்கள். படத்துக்கு ஒன்றும் தேறாது.

அங்கிருந்து வடக்கே பார்பரி காசில். காசில் என்ற பெயரைக் கேட்டு மதிலும் கோபுரமும் எதிர்பார்க்க வேண்டாம். இந்தப் பாதையில் வருகிற காசில் எல்லாமே இரும்புக் காலத்து மண்கோட்டைகள். வளைய வளையமாகக் கரையும் அகழியும், நடுவே புல்வெளி. பார்பரிக்கு இரட்டைக் கரை. ரிட்ஜ்வே அதன் நடுவாகவே போகிறது. கி.பி. 556இல், வெளியிலிருந்து வந்து குடியேறிய சாக்சன்களும் உள்ளூர்ப் பிரித்தானியர்களும் மோதியதாக ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பு சொல்லும் போர்க்களம் இதுவே என்று கருதுகிறார்கள்.

பார்பரியைத் தாண்டியதும் ஸ்மீத்ஸ் ரிட்ஜ். ஓட்டுவதற்காக மட்டும் ஓட்ட வேண்டிய இடம் இந்தப் பாதையில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். குட்டைப் புல் போர்த்திய குறுகிய முதுகு, இருபுறமும் பள்ளத்தாக்கு, மெல்ல மெல்ல ஆக்போர்ன் செயின்ட் ஜார்ஜ் கிராமத்தை நோக்கி இறக்கம். கல் இல்லை, தடம் இல்லை. ஆனால் ஆடுகள் உண்டு, வாயிற்கதவுகள் உண்டு, எதிரே நடந்து வருபவர்கள் உண்டு. கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். முதல் இரவை ஆக்போர்னில் கழிப்பது என் கணக்கு. ஸ்விண்டனிலிருந்து சுற்றி வந்ததையும் சேர்த்தால் அன்றைக்கு ஐம்பது கி.மீ. போல ஆகியிருக்கும். சின்ன ஊர், தங்கும் இடம் கொஞ்சமே, முன்பதிவு அவசியம். கூடாரம் போடலாம் என்று நினைத்தால், இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் போட உரிமை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் லிடிங்டனுக்கு நல்ல ஏற்றம். நான் முதலில் சொன்ன 277 மீட்டர் இந்தக் குன்றுதான். உச்சியில் இன்னொரு மண்கோட்டை. அங்கிருந்து இறங்கி எம்4 நெடுஞ்சாலையைப் பாலத்தில் தாண்டி ஃபாக்ஸ்ஹில் வரை தார்ச்சாலை, வாகனங்கள் வேகமாக வரும். பாதையின் அழகில்லாத பகுதி இது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்து முடித்துவிடுங்கள்.

அதற்கு அப்புறம் வருவதுதான் நீங்கள் கேட்ட 'சின்னங்களைப் பார்த்துக்கொண்டே' என்பது. பாதையோரம் பீச் மரங்கள் வட்டமாகச் சூழ்ந்த தோப்பு ஒன்று வரும். உள்ளே வேலண்ட்ஸ் ஸ்மித்தி, சார்சன் கற்களை முகப்பில் நிறுத்திய நீண்ட கல்லறை மேடு. இது ஒன்றல்ல, இரண்டு. கி.மு. 3590 வாக்கில், இறந்த பதினான்கு பேரின் உடல்களை உள்ளே வைத்து, மரமும் மண்ணுமாக ஒன்று கட்டினார்கள். நூறு ஆண்டு கழித்து அதை அப்படியே மூடி அதன் மேல் கல்லால் ஆன அறைகளுடன் பெரியதாக இன்னொன்று. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த சாக்சன்களுக்கு இதைக் கட்டியவர்கள் யாரென்றே தெரியாது. தங்கள் கொல்லன் தெய்வமான வேலண்டின் பட்டறை என்று முடிவு கட்டிவிட்டார்கள். கி.பி. 955ஆம் ஆண்டு நில சாசனத்தில் அந்தப் பெயர் எல்லைக் குறியாக வருகிறது. லாடம் கழன்ற குதிரையையும் ஒரு காசையும் வைத்துவிட்டு அகன்று போனால், திரும்பி வருவதற்குள் லாடம் அடித்திருக்கும் என்பது கதை. நானும் பஞ்சரான பின் சக்கரத்தோடு அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். வேலண்ட் டியூப்லெஸ் பார்ப்பதில்லை போலிருக்கிறது. விளையாட்டுக்குச் சொன்னேன், நீங்கள் காசைக் கல்லிடுக்கில் செருகாதீர்கள். அப்படிச் செருகிச் செருகியே கல்லைச் சேதப்படுத்துகிறார்கள்.

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் அஃபிங்டன் காசில் மண்கோட்டையும், குன்றுச் சரிவில் வெட்டிய வெள்ளைக் குதிரை உருவமும். ஒரு எச்சரிக்கை: ரிட்ஜ்வேயில் போய்க்கொண்டே இருந்தால் குதிரை உங்கள் கண்ணில் படாது. அது குன்றின் மறுபக்கச் சரிவில் இருக்கிறது. சைக்கிளைப் பாதையோரம் நிறுத்தி, கோட்டையைச் சுற்றி நடந்து போங்கள். பக்கத்தில் போனால் குதிரையும் தெரியாது, வெள்ளைக் கோடுகள்தான் தெரியும். 110 மீட்டர் நீள உருவம். பள்ளத்தாக்கிலிருந்தோ வானிலிருந்தோதான் முழுசாகப் பிடிபடும். கி.பி. 871இல் ஆஷ்டவுனில் டேனியர்களை வென்ற ஆல்ஃபிரட் மன்னர் வெட்டியது என்று நெடுநாள் நம்பினார்கள். அவர் பிறந்த வாண்டேஜ் ஊர் பக்கத்திலேயே இருப்பதால் கதை நன்றாகப் பொருந்தியது. 1990களில், அடியிலுள்ள மண் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளக்கும் முறையில் சோதித்தபோது கி.மு. 1380க்கும் 550க்கும் இடைப்பட்ட காலம் என்று வந்தது. ஆல்ஃபிரடுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது.

எனக்கு அதைவிட வியப்பு வேறு. புல்லைச் சுரண்டி வரைந்ததல்ல இந்தக் குதிரை. ஆழமாகப் பள்ளம் வெட்டி, நொறுக்கிய சாக்கைக் கொட்டி அடித்து நிரப்பியது. சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் புல் மூடிவிடும். ஆக, மூவாயிரம் ஆண்டாக, மதமும் மொழியும் அரசும் மாறிக்கொண்டே இருந்தும், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஏறிவந்து களை எடுத்துப் புதுச் சாக் அடித்திருக்கிறார்கள். இடைவெளி விழுந்தது இரண்டாம் உலகப் போரில். ஜெர்மன் விமானங்களுக்கு அடையாளமாகிவிடக் கூடாது என்று புல்லும் தழையும் போட்டு மூடிவைத்தார்கள். இப்போதும் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் சுத்தியலோடு மண்டியிட்டு உட்கார்ந்து சாக் அடிக்கிறார்கள். உங்கள் சங்கிலியில் ஒட்டியிருக்கிற அதே வெள்ளைப் பொடி.

பழைய சின்னங்களில் சைக்கிள் ஓட்டுவது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆசை வரும் இடம் இதுதான். அஃபிங்டனின் கரையும் அகழியும் பைக் பார்க்கில் மேடும் பள்ளமுமாக அமைக்கும் பம்ப் டிராக் மாதிரியே இருக்கும். இறங்கினால் எப்படியிருக்கும் என்று கால் துடிக்கும். வேண்டாம். இவை 1979ஆம் ஆண்டு பழஞ்சின்னங்கள் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, சேதப்படுத்துவது குற்றம். சட்டத்தை விடுங்கள், சாக்கின் மேல் இங்கே மண் அரையடி இருந்தால் அதிகம். புல் ஒருமுறை கிழிந்தால் மழை மிச்சத்தை அரித்துக்கொண்டு போகும், உள்ளே இருப்பது இன்னும் யாரும் தோண்டிப் பார்க்காத வரலாறு. பாதை கோட்டைக்குள் போனால் பாதையோடு போங்கள். கரையின் மேல் கால்நடையாக மட்டும்.

குதிரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைக் குதிரையைச் சொல்லவில்லை, உயிருள்ளவற்றைச் சொல்கிறேன். தெற்கே இருக்கும் லாம்போர்ன் பந்தயக் குதிரைப் பயிற்சிக்குப் பேர்போன ஊர். பாதைக்குப் பக்கத்திலேயே பயிற்சி ஓட்டத்துக்கான புல்தரைகள் நீளும். அதில் சக்கரத்தை இறக்கவே கூடாது. காலையில் குதிரைகள் வரிசையாக வரும். பின்னாலிருந்து சத்தமில்லாமல் நெருங்குகிற சைக்கிளைக் கண்டால் அவை மிரளும். இருபது முப்பது மீட்டர் தள்ளியே குரல் கொடுங்கள், மணியைவிட மனிதக் குரலே அவற்றுக்குப் பழக்கம். எதிரே வந்தால் ஓரமாக நின்று, பேசிக்கொண்டே போகவிடுங்கள்.

வெள்ளைக் குதிரைக்குப் பிறகு தூரம்தான் மிச்சம். சின்னங்கள் குறையும், வானம் பெரிதாகும். வாண்டேஜுக்கு மேலே செக்ஸ்பரி கேம்ப் என்ற இன்னொரு பெரிய மண்கோட்டை, பிறகு கிரைமியப் போரில் விக்டோரியா கிராஸ் என்ற வீரப் பதக்கம் வாங்கிய வாண்டேஜ் பிரபுவின் நினைவுத் தூண். இடப்பக்கம் கீழே வெள்ளி வளையம் போல ஒரு கட்டடம் தெரிந்தால் அது ஹார்வெல்லிலுள்ள டைமண்ட் சின்க்ரோட்ரான், எலக்ட்ரான்களை வட்டமாக ஓடவிடும் ஆய்வுக்கூடம். ஏவ்பரியின் கல்வட்டத்தைப் பார்த்த மறுநாளே இதையும் பார்ப்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. இந்தப் பகுதியில் பாதை மிக அகலம். தெற்கத்திய ஊர்களுக்கும் லண்டனுக்கும் ஆட்டையும் மாட்டையும் மந்தை மந்தையாக ஓட்டிச் சென்ற காலத்தின் மிச்சம். ஐயாயிரம் ஆண்டாக ஒரே சாலை என்று பலகைகள் பெருமை பேசும். தொல்லியலாளர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. ஒரே கோடாக இல்லாமல், முதுகு முழுக்கப் பல தடங்களாக அவரவர் போன வழி என்பதே நம்பத் தகுந்தது. இப்போதுள்ள ஒற்றைப் பாதையாக அது சுருங்கியது, நிலங்களை வேலியடைத்த 18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு.

வழிகாட்டிக்கு ஜி.பி.எஸ். தடம் போதும், பாதை தொலைவது கடினம். ஆனாலும் பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் ஒன்றைக் கையில் வையுங்கள். தண்ணீருக்கோ பஞ்சருக்கோ கீழே இறங்க வேண்டி வரும்போது எந்தப் பாதையில் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று அதில் பச்சைக் கோடுகளாகத் தெரியும். நேரக் கணக்குக்கு, தார்ச்சாலை வேகத்தை மறந்துவிடுங்கள். நின்று பார்ப்பதையும் சேர்த்தால் எனக்கு மணிக்கு ஒன்பது பத்து கி.மீ.க்கு மேல் போனதில்லை. இரண்டாம் நாள் ஐம்பது கி.மீ. சொச்சம் என்பதால் எட்டு மணிக்காவது கிளம்பிவிடுங்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்ததற்கும் ஒரு யோசனை. 2020இல் சைக்கிளிங் யூகே என்ற அமைப்பு வகுத்த கிங் ஆல்ஃபிரட்ஸ் வே, வின்செஸ்டரில் தொடங்கி அங்கேயே முடியும் 350 கி.மீ. வட்டம். ரிட்ஜ்வேயின் இந்தப் பகுதியோடு ஸ்டோன்ஹெஞ்சும் ஓல்ட் சேரம் என்ற பழைய மண்கோட்டையும் அதில் வரும். சின்னங்களைவிட ஓட்டம்தான் முக்கியம் என்றால் சவுத் டவுன்ஸ் வே. அதே சாக்தான். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ., முழுவதும் சைக்கிளுக்குத் திறந்தது, ஏற்றங்கள் இதைவிடக் கடுமை.

கடைசியில் பாதை தார்ச்சாலையாகி ஸ்ட்ரீட்லிக்குள் இறங்கும். தேம்ஸ் பாலத்தைத் தாண்டினால் கோரிங், ரயில் நிலையம் பக்கத்திலேயே. வீட்டுக்குப் போனதும் குளிப்பதற்கு முன்னால் சங்கிலியையும் பிரேக்கையும் கழுவிவிடுங்கள். சாக் பசை ஓர் இரவு காய்ந்தால் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிவிடும், அப்புறம் பழைய பல் துலக்கியோடு அரை நாள் உட்கார வேண்டியிருக்கும்.